பழைய லாரி, ஜீப் கியர் பாக்ஸ்: விகிதத்தை நீங்களே எண்ணிக் கண்டுபிடிப்பது எப்படி?

கரும்பு, நெல், வாழைத்தார் ஏற்றுவதற்காகப் பழைய லாரி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வைத்திருக்கிறீர்கள். ஒரு நாள் கியர் பாக்ஸ் பல் உடைந்துவிட்டது. புதிய பாகம் கிடைப்பதில்லை. பழைய இரும்புக் கடையில் ஒன்று இருப்பதாகவும், போல்ட் துளைகள் சரியாகப் பொருந்துவதாகவும் சொல்கிறார்கள். வாங்கி மாட்டுகிறீர்கள். வண்டி ஓடுகிறது. ஆனால் பாரம் ஏற்றி வயல் மேட்டில் ஏறும்போது முன்பு போல இழுக்கவில்லை. கிளட்சைப் பாதி அழுத்திப் பிடித்தால்தான் நகர்கிறது. இரண்டு மாதத்தில் கிளட்ச் பிளேட் கருகிவிடுகிறது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கியர் பாக்ஸின் பழுது அல்ல, அதன் கியர் விகிதம். துளை பொருந்தினால் விகிதமும் பொருந்தும் என்று நினைப்பதுதான் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு. விகிதத்தைத் தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சாக்பீஸ், முட்டுக் கட்டைகள், ஜாக்கி, உதவிக்கு ஓர் ஆள் இருந்தால் போதும். பணம் கொடுக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி எண்ணிப் பார்த்துவிடலாம்.

கியர் விகிதம் என்றால் என்ன?

சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். மிதிக்கும் பக்கப் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின் சக்கரத்தில் 18 பற்கள் என்றால், ஒரு முறை மிதித்தால் பின் சக்கரம் 44 ÷ 18, அதாவது சுமார் 2.4 முறை சுற்றும். வேகம் கூடுகிறது, மிதிக்கும் பலம் அதிகம் தேவைப்படுகிறது.

லாரியின் முதல் கியரில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. இன்ஜின் பல முறை சுற்றினால்தான் பின்பக்கம் போகும் நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரு முறை சுற்றும். இன்ஜின் 6.5 முறை சுற்றி ஷாஃப்ட் ஒரு முறை சுற்றினால், முதல் கியர் விகிதம் 6.5. வேகம் அந்த அளவுக்குக் குறைகிறது, இழுவை அந்த அளவுக்குக் கூடுகிறது. எண் பெரிதாக இருந்தால் இழுவை அதிகம், வேகம் குறைவு. எண் சிறிதாக இருந்தால் வேகம் அதிகம், இழுவை குறைவு.

வண்டியில் இந்தக் குறைப்பு இரண்டு இடங்களில் நடக்கிறது. முதலாவது கியர் பாக்ஸ். இரண்டாவது பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல். அங்கே சிறிய பினியன், பெரிய கிரவுன் வீலைச் சுற்றுகிறது. இரண்டையும் பெருக்கினால்தான் சக்கரத்துக்குக் கிடைக்கும் மொத்த விகிதம் தெரியும். கியர் பாக்ஸ் 6.5, டிஃபரன்ஷியல் 6 என்றால் மொத்தம் 39. இன்ஜின் 39 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்.

பெட்டியின் மேல் உள்ள எண்ணை நம்பலாமா?

முழுவதும் நம்ப வேண்டாம். பழைய வண்டிகளில் தகட்டு எண் உதிர்ந்திருக்கும், அல்லது பெயின்ட் அடித்து மறைந்திருக்கும். இரும்பில் வார்த்த எண் இருந்தாலும், அது பெரும்பாலும் வெளிக்கூட்டை வார்த்ததற்கான எண்தான். உள்ளே எந்தப் பற்சக்கரம் இருக்கிறது என்பதை அது சொல்லாது.

இதற்கு அமெரிக்காவில் இருந்து ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அங்கே பழைய ஃபோர்டு சிறு லாரிகளிலும் ஜீப்புகளிலும் போர்க் வார்னர் நிறுவனத்தின் டி-18 என்ற நான்கு கியர் பெட்டி வந்தது. ஒரே டி-18 பெயரில் முதல் கியர் 6.32 உள்ளதும் உண்டு, 4.02 உள்ளதும் உண்டு. கூட்டைப் பார்த்து மட்டும் இது எந்த வகை என்று சொல்ல முடியாது. 6.32 இருந்த இடத்தில் 4.02 மாட்டினால், முதல் கியரின் இழுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பழைய வண்டிக்கு ஆசைப்பட்டு இப்படி ஏமாந்தவர்கள் அங்கேயும் உண்டு. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பெயரைக் கேட்பதோடு நிற்காமல் சுற்றை எண்ணிப் பார்க்கிறார்கள்.

நம் ஊர் வண்டிகளிலும் இதே எச்சரிக்கை தேவை. 1954 முதல் 1969 வரை டாடா லாரிகள் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டுடன் வந்தன. அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அந்தக் காலத்தில் இருந்து ஓடும் வண்டிகளிலும், அதற்குப் பின் வந்த பழைய வண்டிகளிலும், கியர் பாக்ஸும் பின் அச்சும் பல முறை மாறியிருக்கலாம். முகப்பில் இருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் பாகம் வேறு என்பது சாதாரணம்.

முறை 1: கழற்றி வைத்த கியர் பாக்ஸில் எண்ணுவது

பழைய இரும்புக் கடையில் வாங்கும்போது இதுதான் சுலபமான முறை.

1. பெட்டியை இரண்டு மரக்கட்டைகளின் மேல் அசையாமல் வையுங்கள். முன்பக்கம் கிளட்ச் பிளேட் மாட்டும் வரிப்பல் உள்ள ஷாஃப்ட் இருக்கும். பின்பக்கம் புரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டும் வட்டத் தகடு இருக்கும்.

2. அந்த முன் ஷாஃப்டில் பொருந்தும் பழைய கிளட்ச் பிளேட் ஒன்றை மாட்டுங்கள். அது சுற்றுவதற்குக் கைப்பிடிபோல உதவும். அதன் விளிம்பைச் சாக்பீஸால் 10 சம பாகமாகப் பிரித்துக் கோடு போடுங்கள்.

3. பின்பக்க வட்டத் தகட்டில் ஒரு கோடும், அதற்கு நேராகப் பெட்டியின் கூட்டில் ஒரு கோடும் போடுங்கள். முன்பக்கமும் கிளட்ச் பிளேட்டுக்கு நேராகக் கூட்டில் ஒரு கோடு வேண்டும்.

4. முதல் கியரைப் போடுங்கள். கிளட்ச் பிளேட்டை மெதுவாக ஒரே திசையில் சுற்றுங்கள். பின்பக்கக் கோடு ஒரு முழுச் சுற்று வந்து மறுபடியும் நேர் சேரும் வரை எண்ணுங்கள்.

5. கிளட்ச் பிளேட் 6 முழுச் சுற்றும், அதற்கு மேல் 4 பாகமும் வந்தால் விகிதம் 6.4.

பற்களுக்கு இடையே சிறிது ஆட்டம் இருக்கும். அதனால் எண்ணத் தொடங்கும் முன் சற்றுச் சுற்றி அந்த ஆட்டத்தை ஒரு பக்கமாக எடுத்துவிடுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமானால், பின்பக்கம் 10 சுற்று வரும் வரை எண்ணி, வந்த எண்ணிக்கையை 10-ஆல் வகுங்கள். எண்ணிக்கை தவறாமல் இருக்க, முன்பக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கூழாங்கல்லோ புளியங்கொட்டையோ போட்டு வாருங்கள்.

இதேபோல் ஒவ்வொரு கியரையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். டாப் கியரில் முன்னும் பின்னும் சமமாகச் சுற்றினால் அது நேர் இணைப்பு, விகிதம் 1. பழைய நான்கு, ஐந்து கியர் பெட்டிகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முன்பக்கம் ஒரு சுற்று முடியும் முன்பே பின்பக்கம் ஒரு சுற்று வந்துவிட்டால் அது ஓவர் டிரைவ். ரிவர்ஸ் கியரில் பின்பக்கம் எதிர்த்திசையில் சுற்றும்.

சுற்றும்போது கையில் படும் உணர்வையும் கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தடங்கல் வந்தால் பல் உடைந்திருக்கலாம், அல்லது பேரிங் போயிருக்கலாம். விகிதம் சரியாக இருந்தாலும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

முறை 2: பற்களை எண்ணிக் கணக்கிடுவது

கியர் பாக்ஸின் மேல் மூடியைத் திறந்திருந்தால் இந்த முறை துல்லியமானது. உள்ளே மேலும் கீழுமாக இரண்டு வரிசை பற்சக்கரங்கள் தெரியும். இன்ஜின் சுழற்சி முதலில் மேல் வரிசையின் முன் சக்கரத்தில் இருந்து கீழ் வரிசைக்கு இறங்குகிறது. பிறகு கீழ் வரிசையில் இருந்து மறுபடியும் மேல் வரிசைக்கு ஏறிப் பின்பக்கம் போகிறது. அதனால் இரண்டு முறை வகுத்துப் பெருக்க வேண்டும்.

முதல் கணக்கு: கீழ் வரிசையின் முன் சக்கரப் பற்கள் ÷ மேல் வரிசையின் முன் சக்கரப் பற்கள்.

இரண்டாம் கணக்கு: மேல் வரிசையில் அந்தக் கியருக்கு உரிய சக்கரப் பற்கள் ÷ அதோடு சேரும் கீழ்ச் சக்கரப் பற்கள்.

இரண்டையும் பெருக்கினால் விகிதம்.

ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள். மேல் முன் சக்கரம் 20 பற்கள், கீழ் முன் சக்கரம் 40 பற்கள். 40 ÷ 20 = 2. முதல் கியருக்கு மேல் சக்கரம் 45 பற்கள், கீழ்ச் சக்கரம் 14 பற்கள். 45 ÷ 14 = 3.21. இரண்டையும் பெருக்கினால் 6.43. இதுதான் முதல் கியர் விகிதம்.

எண்ணத் தொடங்கும் பல்லில் சாக்பீஸ் அடையாளம் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பல் கூடவோ குறையவோ எண்ணிவிடுவீர்கள். கியர் ஆயிலைத் துணியால் துடைத்த பிறகே அடையாளம் நிற்கும். ரிவர்ஸுக்கு இடையில் இன்னொரு சிறு சக்கரம் இருக்கும். அதனால் இந்தக் கணக்கு அதற்கு நேராகப் பொருந்தாது. ரிவர்ஸைச் சுற்றி எண்ணுவதே நல்லது.

மூடி திறந்திருக்கும்போது கையால் தள்ளிக் கியர் சேர்த்தால், ஒரே நேரத்தில் இரண்டு கியர்கள் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்தால் பெட்டி இறுகி நின்றுவிடும். சுற்றும்போது விரலைப் பற்களுக்கு அருகில் கொண்டு போகவே கூடாது.

முறை 3: வண்டியில் மாட்டியிருக்கும்போது எண்ணுவது

வண்டியைக் கழற்ற முடியாதபோது, அல்லது முழு வண்டியாக வாங்கும்போது இந்த முறை உதவும். இதில் டிஃபரன்ஷியல் விகிதமும் சேர்ந்து தெரிந்துவிடும்.

கவனம்: முதலில் பாதுகாப்பு

சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்துங்கள். முன் சக்கரங்கள் இரண்டுக்கும், தரையில் நிற்கும் பின் சக்கரத்துக்கும் முன்னும் பின்னுமாக முட்டுக் கட்டை கொடுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, அச்சுக்குக் கீழே உறுதியான தாங்கி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

கை பிரேக்கையும் நம்ப வேண்டாம். சக்கரம் சுற்ற வேண்டும் என்பதால் அதை விடுவித்தாக வேண்டும். மேலும், பழைய சிஜே ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஷாஃப்டில் இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால், கை பிரேக் போட்டிருந்தாலும் டிஃபரன்ஷியல் வழியாக வண்டி உருண்டுவிடும். முட்டுக் கட்டை மட்டுமே உங்களைக் காக்கும்.

டிஃபரன்ஷியல் விகிதம்:

1. கியரை நியூட்ரலில் வையுங்கள். தூக்கிய சக்கரத்தில் ஒரு கோடு, புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு போடுங்கள்.

2. ஒருவர் சக்கரத்தைச் சரியாக 2 முறை சுற்றட்டும். இன்னொருவர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றியது என்று பக்கத்தில் இருந்து எண்ணட்டும்.

3. ஷாஃப்ட் 6 முறைக்கு மேல் சிறிது சுற்றினால், விகிதம் 6-க்கு மேல் சிறிது. வந்த எண்ணை இரண்டால் வகுக்கக் கூடாது.

ஏன் 2 சுற்று? ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது டிஃபரன்ஷியல் தூக்கிய சக்கரத்தை இரண்டு மடங்கு வேகமாகச் சுற்ற வைக்கும். இதை மறந்து ஒரு சுற்று மட்டும் எண்ணினால் விகிதம் பாதியாகத் தெரியும். பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

சில கனரக வண்டிகளில் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயும் ஒரு பல் குறைப்பு இருக்கும். கிரவுன் பற்களை மட்டும் எண்ணினால் அது விட்டுப்போகும். சக்கரத்தைச் சுற்றி எண்ணும்போது அதுவும் சேர்ந்தே கணக்கில் வந்துவிடும்.

கியர் பாக்ஸ் விகிதம்:

1. இன்ஜின் எந்தக் காரணத்தாலும் ஸ்டார்ட் ஆகக் கூடாது. பெட்ரோல் வண்டி என்றால் சாவியை எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். அப்போது சுற்றுவதும் சுலபம். டீசல் வண்டி என்றால் ஸ்டாப் கம்பியை இழுத்துக் கட்டுங்கள், பேட்டரி வயரைக் கழற்றுங்கள். டீசல் இன்ஜினில் அமுக்கம் அதிகம் என்பதால் கையால் சுற்றுவது கடினம். மெக்கானிக்கை வைத்து இன்ஜெக்டர்களைக் கழற்றிய பிறகு சுற்றுவது நல்லது.

2. இன்ஜின் முன்பக்கக் கிராங்க் புல்லியில் ஒரு கோடு போடுங்கள். முதல் கியரைப் போடுங்கள். நான்கு சக்கர இழுவை உள்ள ஜீப் என்றால், முன் அச்சு இணைப்பை விடுவித்து, ஹை நிலையில் வையுங்கள்.

3. கிராங்க் கம்பியாலோ பெரிய ஸ்பேனராலோ இன்ஜினை அது வழக்கமாகச் சுற்றும் திசையில் மட்டும் சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரு சுற்று வர, புல்லி எத்தனை சுற்று வந்தது என்று எண்ணுங்கள். அதுவே அந்தக் கியரின் விகிதம்.

எல்லாக் கியர்களையும் இப்படி எண்ண நேரம் இல்லையென்றால், முதல் கியரையும் டாப் கியரையும் மட்டுமாவது எண்ணுங்கள். பாரம் இழுக்குமா என்பதை முதல் கியர் சொல்லும். ரோட்டில் என்ன வேகம் போகும் என்பதை டாப் கியர் சொல்லும்.

முறை 4: ஓட்டிப் பார்த்துச் சரிபார்ப்பது

ஓடும் நிலையில் உள்ள டீசல் வண்டிக்கு ஒரு எளிய சோதனை உண்டு. டீசல் பம்பில் உள்ள கவர்னர், ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜினை ஏறக்குறைய ஒரே வேகத்தில் வைத்திருக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆள் நடமாட்டம் இல்லாத சமமான தார்ச்சாலையில் 20 மீட்டர் அளந்து இரண்டு கோடுகள் போடுங்கள். வண்டியில் பாரம் வேண்டாம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் முதல் கியரில் வண்டியைத் தானாக நகரவிடுங்கள். முதல் கோட்டில் இருந்து அடுத்த கோட்டுக்கு எத்தனை வினாடி என்று கீழே நிற்பவர் செல்போனில் பார்க்கட்டும். பிறகு இரண்டாம் கியரில் அதேபோல் செய்யுங்கள்.

முதல் கியரில் 25 வினாடி, இரண்டாம் கியரில் 15 வினாடி என்றால், 25 ÷ 15 = 1.67. அதாவது முதல் கியர் விகிதம் இரண்டாம் கியரைவிட 1.67 மடங்கு. மேல் கியர்களுக்கு 100 மீட்டர் அளந்துகொள்ளுங்கள். டாப் கியர் நேர் இணைப்பு என்று தெரிந்தால், அதில் இருந்து ஒவ்வொரு கியராகக் கீழே கணக்கிட்டு வரலாம். இது சரிபார்ப்புக்கான முறைதான். சுற்றி எண்ணுவதுபோல அவ்வளவு துல்லியம் கிடைக்காது.

விகிதத்தில் இருந்து வேகத்தைக் கணக்கிடுவது

விகிதம் தெரிந்த பிறகு வண்டி எந்தக் கியரில் என்ன வேகம் போகும் என்று வாங்கும் முன்பே சொல்லிவிடலாம். முதலில் டயரின் சுற்றளவு வேண்டும். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் கோடு போட்டு, வண்டியைச் சரியாக ஒரு சுற்று உருட்டி, மறுபடியும் கோடு போட்டு அளந்து பாருங்கள்.

கணக்கு இதுதான்: இன்ஜினின் நிமிடச் சுற்று × டயர் சுற்றளவு மீட்டரில் × 60 ÷ 1,000. வந்த எண்ணைக் கியர் விகிதத்தாலும் டிஃபரன்ஷியல் விகிதத்தாலும் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று கிடைக்கும்.

டயர் சுற்றளவு 3.1 மீட்டர், டிஃபரன்ஷியல் 6, இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். டாப் கியர் விகிதம் 1 என்றால் வேகம் 62 கி.மீ. முதல் கியர் 6.5 என்றால் சுமார் 9.5 கி.மீ. ஆக்சிலேட்டர் மிதிக்காமல் 600 சுற்றில் முதல் கியரில் சுமார் 2.9 கி.மீ. ஒரு மனிதர் மெதுவாக நடக்கும் வேகம் அது. ஈர வயலோரம் பாரத்துடன் கிளட்சை விட்டுவிட்டு நிதானமாக நகர இந்த வேகம் வேண்டும். அதே வண்டியில் முதல் கியர் 4 என்று இருந்தால், அந்த 2.9 கி.மீ. வேகம் 4.7 கி.மீ. ஆகிவிடும். மெதுவாக நகர்த்தக் கிளட்சைத் தேய்க்க வேண்டியிருக்கும்.

ஜீப் வைத்திருப்பவர்களுக்கு

மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் உரிமத்தில் இந்தியாவில் தயாரித்த சிஜே-3பி ஜீப்புகள் இன்றும் மலைத் தோட்டங்களில் ஓடுகின்றன. அந்த வகை ஜீப்பில் வழக்கமாக இருக்கும் அளவுகளைத் தெரிந்துவைத்துக்கொண்டால், உங்கள் வண்டியில் எண்ணியதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

டி-90 மூன்று கியர் பெட்டி: முதல் கியர் 2.80, இரண்டாம் கியர் 1.55, மூன்றாம் கியர் 1.

டிரான்ஸ்ஃபர் கேஸ்: ஹை நிலையில் 1, லோ நிலையில் 2.46.

டிஃபரன்ஷியல்: 5.38.

இவற்றைப் பெருக்கினால் வரும் மொத்த விகிதங்கள்:

ஹை நிலை: முதல் கியர் 15.1, இரண்டாம் கியர் 8.3, மூன்றாம் கியர் 5.38.

லோ நிலை: முதல் கியர் 37.1, இரண்டாம் கியர் 20.5, மூன்றாம் கியர் 13.2.

லோ நிலை முதல் கியரில் 37 வரை போவதால்தான் சிறிய ஜீப் பாரத்துடன் மலைப் பாதையில் ஏறுகிறது. அதே சமயம் டாப் கியரிலும் 5.38 இருப்பதால் ரோட்டில் வேகம் வராது. டயர் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால் 2,000 சுற்றில் மணிக்கு சுமார் 49 கி.மீ. தான். பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு மெதுவாகச் சுற்றும் டீசல் இன்ஜினை மாட்டியவர்கள், வண்டி அலறுகிறது, வேகம் வரவில்லை என்று சொல்வதற்கு இதுவே காரணம். இன்ஜினை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

வேகத்துக்காகப் பின் அச்சை மட்டும் மாற்றாதீர்கள்

ஜீப்பின் 5.38 என்பது 43 பல் கிரவுன், 8 பல் பினியன். வேகம் வேண்டும் என்று சிலர் 39 பல் கிரவுன், 8 பல் பினியன் உள்ள பின் அச்சை மாட்டுவார்கள். அதன் விகிதம் 4.88. பின் அச்சை மட்டும் மாற்றி, முன் அச்சை 5.38-லேயே விட்டுவிட்டால், இரண்டுக்கும் இடையே சுமார் 10 சதவீத வேறுபாடு வந்துவிடும். நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒன்றோடு ஒன்று இழுபறி போடும். கெட்டிச் சாலையில் டயர் தேயும், ஸ்டீயரிங் இறுகும், டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். முன், பின் இரண்டு அச்சும் ஒரே விகிதமாக இருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள்.

கழற்றி வைத்த டிஃபரன்ஷியல் என்றால், கிரவுன் வீலின் விளிம்பில் 43, 8 என்பதுபோல இரண்டு எண்கள் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். அவை பல் எண்ணிக்கை. பெரியதைச் சிறியதால் வகுத்தால் விகிதம். கிரவுனும் பினியனும் ஒரே ஜோடியாக வந்தவையா என்பதையும் பார்த்து வாங்குங்கள். வேறு வேறு ஜோடியைச் சேர்த்தால் சத்தம் வரும், விரைவில் தேயும்.

எண்ணியது சரியா என்று பார்க்க மூன்று வழிகள்

ஒன்று: முழு எண்ணாக 5 அல்லது 6 என்று வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். ஒரே இரண்டு பற்கள் திரும்பத் திரும்ப மோதித் தேயாமல் இருக்க, தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் சமமாக வகுபடாத பல் எண்ணிக்கையையே வைப்பார்கள்.

இரண்டு: கியர் ஏற ஏற விகிதம் படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஒன்று பொருந்தாமல் இருந்தால், தவறான கியரில் எண்ணியிருப்பீர்கள், அல்லது வேறு பெட்டியின் சக்கரத்தை உள்ளே மாட்டியிருப்பார்கள்.

மூன்று: ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகத்தைச் செல்போன் ஜி.பி.எஸ். காட்டும் வேகத்துடன் ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால், டிஃபரன்ஷியலோ டயர் அளவோ எப்போதோ மாற்றப்பட்டிருக்கலாம்.

மலைப் பாதைக்குப் போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது

இழுவை குறைவது பணச் செலவோடு போய்விடும். இறக்கத்தில் நிலைமை வேறு. பாரத்துடன் மலை இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும் அல்ல, தாழ்ந்த கியரில் இன்ஜின் கொடுக்கும் எதிர்ப்பும்தான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பலாவும் வாழையும் ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் இறங்கும் வண்டியில், பழைய பெட்டிக்குப் பதில் சிறிய விகிதம் உள்ள பெட்டி இருந்தால், அதே இரண்டாம் கியரில் வண்டி முன்பைவிட வேகமாக ஓடும். ஓட்டுநர் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். பிரேக் டிரம் சூடேறினால் பிரேக் பிடிக்காது. பழகிய ஓட்டுநருக்குக்கூட இது தெரிவதற்குள் பாதி மலை இறங்கியிருப்பார்.

எனவே கியர் பாக்ஸையோ அச்சையோ மாற்றினால், முதல் பயணம் வெறும் வண்டியாகச் சமதளத்தில் இருக்கட்டும். எந்தக் கியரில் என்ன வேகம் என்று ஓட்டுநருக்கும் சொல்லி, அவரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. உங்கள் வண்டியின் பழைய கியர் பாக்ஸை இரும்புக்குப் போடும் முன் அதன் எல்லாக் கியர்களையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். உடைந்த பெட்டியிலும் பற்களை எண்ணலாம்.

2. டிஃபரன்ஷியல் விகிதத்தையும் டயர் சுற்றளவையும் அதே தாளில் எழுதுங்கள்.

3. வாங்கப்போகும் பெட்டியைக் கடையிலேயே சுற்றி எண்ணுங்கள். எண்ண விடாத இடத்தில் வாங்காதீர்கள்.

4. முதல் கியரும் டாப் கியரும் பழையதற்கு நெருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் கியரில் சிறிது வேறுபாடு இருந்தால் சமாளிக்கலாம். 6.5 இருந்த இடத்தில் 4.5 என்றால் இழுவையில் சுமார் 30 சதவீதம் குறையும். பாரம் ஏற்றும் வண்டிக்கு அது வேண்டாம்.

5. முன் ஷாஃப்டின் வரிப்பல் எண்ணிக்கை, நீளம், பின்பக்க வட்டத் தகட்டின் துளைகள் ஆகியவை பொருந்துமா என்று கடைசியாகப் பாருங்கள். முதலில் விகிதம், பிறகு துளை.

இந்த எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகலுடன் பத்திரமாக வைத்துவிடுங்கள். நாளை வேறு மெக்கானிக் வந்தாலும், வண்டியை உங்கள் பிள்ளைகள் ஓட்டினாலும், எந்தப் பாகம் பொருந்தும் என்று அந்தத் தாளே சொல்லும். விற்பவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.